கறிவேப்பிலைச் செடியிலிருந்து வகுப்பறைக்கு: புழு வளர்த்து வண்ணத்துப்பூச்சி பறக்கவிடுவது எப்படி?

முட்டை, புழு, கூட்டுப்புழு, வண்ணத்துப்பூச்சி என்று கரும்பலகையில் வரைந்து அம்புக்குறி போட்டுக் காட்டப் பத்து நிமிடம் போதும். அதையே உயிரோடு காட்ட ஏறத்தாழ நான்கு வாரம் ஆகும். செலவு என்று பார்த்தால் ஒரு கறிவேப்பிலைச் செடி, இரண்டு மூன்று பிளாஸ்டிக் டப்பாக்கள், கொஞ்சம் கொசுவலைத் துணி, அவ்வளவுதான். சில நாடுகளில் புழுவையும் அதற்கான தீனியையும் பெட்டியில் அடைத்துப் பள்ளிகளுக்கு விற்கிறார்கள். நமக்கு அந்தப் பெட்டி வேண்டாம். தமிழ்நாட்டில் எந்த ஊர்ப் பள்ளியாக இருந்தாலும் வேண்டியவை எல்லாம் மதிற்சுவருக்கு உள்ளேயோ அதை ஒட்டியோ கிடைத்துவிடும்.

முதலில் செடி, பிறகுதான் புழு

பெரும்பாலானவர்கள் தலைகீழாகத் தொடங்குகிறார்கள். யாரோ ஒரு மாணவர் ஒரு புழுவைப் பிடித்து வருவார். அதைப் பாட்டிலில் போட்டுவிட்டு, அது என்ன தின்னும் என்று தெரியாமல் கைக்குக் கிடைத்த இலையை எல்லாம் போடுவார்கள். மூன்றாம் நாள் புழு செத்துவிடும். வண்ணத்துப்பூச்சியின் புழு கண்ட இலையையும் தின்னாது. ஒவ்வொரு வகைக்கும் சில செடிகள் மட்டுமே உணவு. அவை இல்லையென்றால் பட்டினி கிடந்து சாகுமே தவிர வேறொன்றைத் தொடாது. ஆகவே எந்தச் செடி தொடர்ந்து கிடைக்கும் என்று முதலில் முடிவு செய்யுங்கள். பூச்சி எது என்பதை அந்தச் செடியே முடிவு செய்துவிடும்.

முதன்முறை செய்பவர்களுக்கு இரண்டு செடிகளைச் சொல்வேன். ஒன்று கறிவேப்பிலை அல்லது எலுமிச்சை. இவற்றில் எலுமிச்சை அழகி, கறிவேப்பிலை அழகி ஆகிய வண்ணத்துப்பூச்சிகள் முட்டையிடும். மற்றொன்று எருக்கு. அதில் வெந்தய வரியன் முட்டையிடும். இறக்கையில் செம்மஞ்சள் நிறமும், கறுப்பு ஓரத்தில் வெள்ளைப் புள்ளிகளுமாகச் சாலையோரத்தில் தாழ்வாகப் பறந்து போவதை எல்லோரும் பார்த்திருப்போம்.

தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள் என்றால் கறிவேப்பிலையே போதும். எருக்கம்பால் கண்ணில் பட்டால் கடுமையான பாதிப்பு வரும். எனவே எருக்கைத் தேர்ந்தெடுத்தால் இலை பறிப்பதும் மாற்றுவதும் ஆசிரியரின் வேலையாக இருக்கட்டும். பால் வடிவது நிற்கும்வரை இலையை ஓரமாக வைத்திருந்து, பிறகு டப்பாவுக்குள் போடலாம். அரளியிலும் அழகான புழுக்கள் இருக்கும். அந்தச் செடி முழுவதும் நஞ்சு என்பதால் வகுப்பறைப் பக்கமே அது வேண்டாம்.

கடையில் வாங்கும் கறிவேப்பிலையை மட்டும் எக்காரணம் கொண்டும் போடாதீர்கள். அதில் பூச்சிமருந்து தெளித்திருக்க வாய்ப்பு மிக அதிகம். கழுவினாலும் நம்ப முடியாது. நர்சரியில் புதிதாக வாங்கிய கன்றும் அப்படித்தான். அதைச் சில வாரங்கள் வெயிலிலும் மழையிலும் வைத்து, புதுத் தளிர் விட்ட பிறகு பயன்படுத்துங்கள். வேப்பெண்ணெய் தெளித்த செடியும் ஆகாது. இயற்கை மருந்துதானே என்று நாம் நினைக்கலாம். புழுவுக்கு அந்த வித்தியாசமெல்லாம் கிடையாது.

எடுக்கக் கூடாதவை

ரோமம் அடர்ந்த கம்பளிப்பூச்சிகளையும் முள் நிறைந்த புழுக்களையும் பிள்ளைகள் தொடவே கூடாது என்பதை முதல் நாளே கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். அவற்றில் எல்லாமே அரிப்பைத் தருபவை அல்ல. ஆனால் எது தரும், எது தராது என்று ஐந்தாம் வகுப்புப் பிள்ளை பிரித்தறிய முடியாது. இன்னொன்று: வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், 1972 சில வண்ணத்துப்பூச்சிகளையும் பட்டியலில் வைத்துக் காக்கிறது. எனவே பெயர் தெரியாத புழுவை எடுத்து வர வேண்டாம். காட்டிலிருந்து எடுப்பது அறவே வேண்டாம். 2019இல் மாநில வண்ணத்துப்பூச்சியாக அறிவிக்கப்பட்ட தமிழ் மறவனை வளர்க்கலாமா என்று ஒவ்வோர் ஆண்டும் யாராவது ஒரு பிள்ளை கேட்கும். அது மேற்குத் தொடர்ச்சி மலைக்காட்டுப் பூச்சி, அதன் இடத்திலேயே இருக்கட்டும்.

எப்போது தொடங்கலாம்?

தளிர் இருக்கும் காலமே ஏற்ற காலம். முட்டையிலிருந்து வெளிவரும் புழு முற்றிய இலையைக் கடிக்கத் திணறும். ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் செடியைக் கவாத்து செய்து தண்ணீர் ஊற்றினால் ஜூலையில் தளிர்த்துவிடும். அப்போது தொடங்கினால் காலாண்டுத் தேர்வுக்கு முன்பே முடித்துவிடலாம். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பிறகு, பொங்கல் விடுமுறை முடிந்து தொடங்குவது இன்னொரு நல்ல வாய்ப்பு. தேர்வு அட்டவணையைப் பார்க்காமல் தொடங்குவதும், நடுவில் நீண்ட விடுமுறை வந்து மாட்டிக்கொள்வதும்தான் இந்தத் திட்டம் பாதியில் நிற்பதற்கு முக்கியக் காரணங்கள்.

கணக்கு தோராயமாக இப்படி: எலுமிச்சை அழகியின் முட்டை பொரிக்க மூன்று நான்கு நாள், புழுப் பருவம் இரண்டு வாரத்தை ஒட்டி, கூட்டுப்புழுப் பருவம் எட்டு முதல் பத்து நாள். குளிர் மாதங்களில் ஒவ்வொன்றும் சற்று நீளும்.

முட்டையைக் கண்டுபிடிப்பது

வளர்ந்த புழுவை எடுப்பதைவிட முட்டையிலிருந்து தொடங்குவது நல்லது. வெளியே சில நாள் இருந்த புழுவுக்குள் ஏற்கெனவே வேறொரு பூச்சி தன் முட்டையை வைத்துவிட்டிருக்கலாம். அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

வெயில் ஏறிய காலைப்பொழுதில் செடியருகே பிள்ளைகளை அமைதியாக நிற்கச் சொல்லுங்கள். முட்டையிட வந்த பூச்சியை அதன் நடமாட்டமே காட்டிக்கொடுக்கும். பூவைத் தேடாது, இலைகளைச் சுற்றியே படபடத்துப் பறக்கும். ஒரு தளிரில் நொடி நேரம் கால் பதித்து, வயிற்று நுனியை வளைத்து இலையைத் தொட்டுவிட்டு அடுத்த கிளைக்குப் போய்விடும். தொட்ட இடத்தில் வெளிர் மஞ்சளாக, கடுகைவிடச் சிறிதாக ஒரு முட்டை ஒட்டியிருக்கும். பெரும்பாலும் ஓர் இலைக்கு ஒன்றுதான். அந்தக் காம்பில் வண்ண நூல் ஒன்றைக் கட்டிவிடச் சொல்லுங்கள். பிள்ளைகளுக்கு இந்த வேலை மிகவும் பிடிக்கும். பிறகு தேடி அலையவும் வேண்டாம்.

வெந்தய வரியனின் முட்டை எருக்கிலையின் அடிப்பக்கத்தில் வெள்ளையாக இருக்கும். கைக்கண்ணாடி இருந்தால் அதன் மேல் ஓடும் கோடுகளையும் பார்க்கலாம்.

முட்டையைச் சுரண்டி எடுக்காதீர்கள். இலையோடு, முடிந்தால் சிறு கொத்தோடு கிள்ளி எடுங்கள். ஒரு வகுப்புக்கு நான்கைந்து முட்டை போதும். நாற்பது பிள்ளைகளுக்கு நாற்பது புழு என்ற ஆசை வேண்டாம். புழு தோலை உரித்து உரித்துத்தான் வளரும், ஒவ்வொரு தோலுரிப்புக்கும் இடைப்பட்ட காலம் ஒரு பருவம். கடைசிப் பருவத்தில் ஒரு புழு தின்னும் வேகத்தைப் பார்த்தால் ஏன் என்று புரியும். தன் வாழ்நாளில் தின்னும் இலையில் பெரும்பகுதியை அந்தச் சில நாட்களில்தான் தின்று தீர்க்கும். தொட்டியில் நிற்கும் சிறு கறிவேப்பிலைச் செடியை மொட்டையாக்க ஐந்தாறு புழுக்களே போதும்.

வீடு அமைத்தல்

முட்டைக்கும் சிறு புழுவுக்கும் உணவு டப்பா போதும். அடியில் ஒரு தாள், அதன் மேல் இலை, மேலே கொசுவலைத் துணி, சுற்றிலும் ரப்பர் பேண்ட். மூடியை இறுக்கி மூடினால் உள்ளே வியர்த்துப் பூஞ்சை பிடிக்கும்.

புழு ஓர் அங்குலம் வளர்ந்ததும் பெரிய இடம் வேண்டும். சாப்பாட்டுப் பாத்திரங்களை ஈ மொய்க்காமல் மூடிவைக்கும் குடை போன்ற வலை மூடி இதற்கு அருமையாகப் பொருந்தும். ஓர் அட்டைப்பலகையின் மேல் அதைக் கவிழ்த்துவிட்டால் நான்கு பக்கமும் காற்று வரும், வகுப்பு முழுவதும் பார்க்கவும் முடியும். உள்ளே கிளையைச் சிறு மருந்துப் பாட்டில் தண்ணீரில் செருகி வையுங்கள். பாட்டிலின் வாயைப் பஞ்சால் இறுக அடைக்க மறக்காதீர்கள். காம்பு வழியே கீழே இறங்கும் புழு நேராகத் தண்ணீருக்குள் போய் மூழ்கிவிடும். இப்படி இழப்பவர்கள் நிறையப் பேர். இரண்டு மூன்று குச்சிகளையும் சாய்த்து வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

எங்கே வைப்பது என்பதும் முக்கியம். நேர் வெயில் படக்கூடாது, மின்விசிறிக்கு நேர் கீழேயும் வேண்டாம். கரும்பலகைக்குப் பக்கத்தில் வைத்தால் சாக்பீஸ் தூள் இலையில் படியும். மேசையின் நான்கு கால்களையும் தண்ணீர் ஊற்றிய கிண்ணங்களில் நிறுத்தினால் எறும்பு ஏறாது. சுவரை ஒட்டி வைக்காதீர்கள், பல்லி காத்திருக்கும். எல்லாவற்றையும்விட மோசமானது கொசுமருந்து. சுருளானாலும், மின்சாரத்தில் செருகும் திரவமானாலும், ஸ்பிரேயானாலும் கொசுவோடு புழுவும் சாகும். மாலையில் தெருவுக்குப் புகை அடிக்க வருகிறார்கள் என்று தெரிந்தால் ஜன்னலைச் சாத்திவிட்டு, கூண்டை உள்ளறைக்கு மாற்றுங்கள். கொசுவிரட்டிக் களிம்பு தடவிய கையால் இலையைக்கூடத் தொடக்கூடாது.

தினசரி வேலை

காலை வழிபாட்டுக்கூட்டம் முடிந்ததும் பத்து நிமிடம் ஒதுக்கினால் போதும். இரண்டிரண்டு பிள்ளைகளாக முறை வைத்துக்கொள்ளலாம். சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். தாளில் விழுந்திருக்கும் எச்சத்தைக் கொட்டிவிட்டுப் புதுத் தாள் போட வேண்டும். வாடிய இலையை எடுத்துப் புது இலை வைக்க வேண்டும். இலையைக் கழுவினால் ஈரம் போகத் துடைத்த பிறகே வைக்கலாம். புழுவுக்குத் தனியாகத் தண்ணீர் வைக்கத் தேவையில்லை, இலையின் ஈரமே போதும். வேலை முடிந்ததும் மறுபடியும் கை கழுவ வேண்டும்.

புழுவைக் கையால் தூக்கக் கூடாது. பழைய இலை அருகே புது இலையை வைத்தால் தானாக ஏறிவிடும். அவசரமென்றால் மெல்லிய ஓவியத் தூரிகையால் ஏந்தலாம். சில நேரம் ஒரு புழு தின்னாமல், அசையாமல் ஒரே இடத்தில் ஒட்டிக் கிடக்கும். செத்துவிட்டது என்று பிள்ளைகள் பதறுவார்கள். அது தோலுரிக்கத் தயாராகிறது. இலையில் மெல்லிய பட்டு இழையைப் பின்னி, அதில் கால்களை மாட்டிக்கொண்டு நிற்கிறது. இந்த நிலையில் பிய்த்து எடுத்தால் காயப்பட்டுவிடும். ஒரு நாள் விட்டுவிடுங்கள். எலுமிச்சையில் கிடைத்த புழுவுக்கு எலுமிச்சை, கறிவேப்பிலையில் கிடைத்ததற்குக் கறிவேப்பிலை என்று கடைசி வரை ஒரே இலையையே கொடுப்பது பாதுகாப்பானது.

சனி, ஞாயிறு யார் பார்ப்பது என்பதை வெள்ளிக்கிழமை மாலையில் யோசிக்கக் கூடாது. யார் வீட்டுக்கு எடுத்துப் போவது என்று தொடக்கத்திலேயே பட்டியல் போட்டுவிடுங்கள். இரண்டு நாளுக்குச் சேர்த்து இலையை நிரப்பிவிட்டுப் பூட்டிப் போனால் திங்களன்று பூஞ்சையும் நாற்றமும்தான் மிஞ்சும்.

குறிப்பேட்டில் என்ன எழுதுவது?

1660இல் ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட் நகரில் மரியா சிபில்லா மெரியன் என்ற 13 வயதுச் சிறுமி பட்டுப்புழு வளர்த்துப் படம் வரையத் தொடங்கினாள். சேற்றிலிருந்தும் அழுகலிலிருந்தும் பூச்சிகள் தாமாகத் தோன்றுகின்றன என்று படித்தவர்களே நம்பிய காலம் அது. பிற்காலத்தில் அவர் வரைந்த படங்களில் புழு தனியாக இருக்காது. எந்தச் செடியைத் தின்கிறதோ அந்தச் செடியோடு சேர்ந்தே இருக்கும். பிள்ளைகளிடமும் அதையே கேளுங்கள். கடித்த தடத்தோடு இலையை வரையட்டும்.

நீளத்தை அளக்கக் கண்ணாடி போன்ற ஸ்கேலைப் புழுவின் அருகே பிடித்தால் போதும், புழுவை நீட்டிப் படுக்கவைக்க வேண்டியதில்லை. நாள் ஒரு பக்கம், நீளம் மறுபக்கம் என்று வரைபடம் போட்டால் கணக்குப் பாடமும் அதிலேயே வந்துவிடும். ஆனால் இதையெல்லாம்விடச் சுவையான ஒன்று பலர் கண்ணில் படாமலே எச்சத்தோடு குப்பைக்குப் போகிறது. புழு தோலுரித்ததும் பழைய தோலைப் பெரும்பாலும் தின்றுவிடும். தலையின் கடினமான ஓட்டை மட்டும் தின்னாது. அது சிறு முகமூடியாகத் தனியே கழன்று தாளில் கிடக்கும். வெந்தய வரியன் என்றால் கறுப்பும் வெள்ளையுமாகப் பட்டை போட்டிருக்கும். அவற்றைப் பொறுக்கி, ஒளிபுகும் ஒட்டுநாடாவால் நோட்டில் வரிசையாக ஒட்டி, அகலத்தை அளக்கச் சொல்லுங்கள். கூட்டுப்புழு ஆவதற்குள் நான்கு கிடைக்க வேண்டும். தலை நாளுக்கு நாள் வளர்வதில்லை. ஒவ்வொரு தோலுரிப்பிலும் ஏறக்குறைய ஒரே விகிதத்தில் பெருகுகிறது. 1890இல் அமெரிக்கப் பூச்சியியலாளர் ஹாரிசன் டயார் புழுக்களின் தலை ஓடுகளை அளந்துதான் இதைச் சொன்னார். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் அதே அளவீட்டைத் தாங்களே செய்து சரிபார்க்கலாம்.

எலுமிச்சை அழகியின் புழு முதல் நான்கு பருவங்களில் பழுப்பும் வெள்ளையுமாகப் பறவை எச்சம் போலவே இருக்கும். எங்கே புழு என்று தேடும் பிள்ளைகள் அதன் மேலேயே கண்ணை ஓட்டிவிட்டுப் போவார்கள். கடைசித் தோலை உரித்ததும் பச்சைக்கு மாறிவிடும். தூரிகையால் லேசாகத் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து இரு கிளையாகச் செம்மஞ்சள் கொம்பு ஒன்று வெளியே வரும், கூடவே காட்டமான வாடையும். எறும்பையும் சிறு எதிரிகளையும் விரட்ட அது கையாளும் வழி இது. ஒருமுறை பார்த்தால் போதும். வகுப்பே வரிசையில் நின்று தொட்டுப் பார்க்க அனுமதிக்காதீர்கள்.

எருக்கின் புழு ஒளிந்துகொள்வதே இல்லை. கறுப்பு, வெள்ளை, மஞ்சள் பட்டைகளோடு, மூன்று இணை கறுப்பு இழைகளை நீட்டிக்கொண்டு இலையில் பகிரங்கமாக உட்கார்ந்திருக்கும். எருக்கின் நச்சை உடம்பில் சேர்த்து வைத்திருப்பதால் தின்ற பறவை துப்பிவிடும். ஒன்று ஏன் ஒளிகிறது, மற்றொன்று ஏன் ஒளியவில்லை என்ற கேள்வியைப் போட்டுவிட்டு நீங்கள் பேசாமல் இருங்கள். பிள்ளைகளே பதிலுக்கு வந்து சேர்வார்கள்.

கூட்டுப்புழு ஆகும் நாள்

நன்றாகத் தின்றுகொண்டிருந்த புழு திடீரென்று நிறுத்திவிடும். வழக்கமான உருண்டை எச்சத்துக்குப் பதிலாக நீர்த்த கழிவைப் போடும். பிறகு கூண்டு முழுக்க ஓயாமல் சுற்றும். இடம் தேடுகிறது என்று பொருள். சாய்த்து வைத்த குச்சிகள் இப்போதுதான் பயன்படும்.

எலுமிச்சை அழகி குச்சியில் வால்நுனியைப் பட்டு இழையில் பதித்து, இடுப்பைச் சுற்றியும் ஓர் இழையைக் கட்டிக்கொண்டு சாய்ந்து நிற்கும். வெந்தய வரியன் கூரையில் வால்நுனியை மாட்டி, தலைகீழாக, முன்பகுதியை வளைத்துத் தொங்கும். ஏறத்தாழ ஒரு நாளில் தோல் பிளந்து, சில நிமிடங்களில் உள்ளிருந்து பச்சை நிறக் கூட்டுப்புழு நெளிந்து வெளிப்படும். பொன் துளிகள் வைத்தது போன்ற புள்ளிகளும் அதில் இருக்கும். இரண்டும் பட்டுப்புழுவைப் போலத் தன்னைச் சுற்றிக் கூடு பின்னுவதில்லை. பிள்ளைகள் நூல் கூட்டை எதிர்பார்த்துக் காத்திருப்பார்கள், முன்பே சொல்லிவிடுங்கள்.

எலுமிச்சை அழகியை வைத்து ஒரு சிறு சோதனையும் செய்யலாம். ஒரு டப்பாவில் பச்சைத் தண்டுகள், இன்னொன்றில் சொரசொரப்பான காய்ந்த குச்சிகள் வையுங்கள். கூட்டுப்புழு பச்சையாகவும் வரும், பழுப்பாகவும் வரும். சுற்றுப்புறத்தைப் பொறுத்து மாறும். எந்த டப்பாவில் எந்த நிறம் வரும் என்று பிள்ளைகள் முன்கூட்டியே நோட்டில் எழுதி வைக்கட்டும்.

தோலுரித்த முதல் நாள் உடல் மிக மென்மையாக இருக்கும், தொடவே வேண்டாம். எலுமிச்சை அழகியின் கூட்டுப்புழு பிடி அறுந்து கீழே விழுந்துவிட்டால், ஒருநாள் இறுகவிட்டு, தாளைக் கூம்பாகச் சுற்றி அதற்குள் தலை மேலே இருக்கும்படி வைத்து, குச்சியில் ஒட்டிவிடலாம்.

வெளிவரும் காலை

முந்தைய நாளே தோல் கறுத்து, இறக்கையின் கோலம் வெளியே தெரியத் தொடங்கும். பெரும்பாலும் காலையில் வெளிவரும். எனவே அன்று சீக்கிரம் வந்துவிடுங்கள். வெளியே வந்ததும் இறக்கை சுருங்கி, வயிறு உப்பியிருக்கும். ஊனம் என்று நினைக்க வேண்டாம். ஏதாவதொன்றைப் பற்றித் தொங்கிக்கொண்டு, உடலில் உள்ள திரவத்தை இறக்கை நரம்புகளுக்குள் செலுத்தும். பார்த்துக்கொண்டிருக்கும்போதே இறக்கை விரியும். ஏறிப் பிடிக்கச் சொரசொரப்பான பரப்பு இல்லாவிட்டால் மடங்கிய இறக்கை அப்படியே காய்ந்துவிடும். வழவழப்பான பாட்டிலில் இதனால்தான் பூச்சிகள் வீணாகின்றன. அதே நேரத்தில், இரு பாதியாக இருக்கும் உறிஞ்சுகுழலைச் சுருட்டி நீட்டி ஒன்றாக இணைத்துக்கொள்வதையும் கைக்கண்ணாடியில் பார்க்கலாம். சிவந்த அல்லது பழுப்பு நிறத் திரவம் சொட்டும். இரத்தம் என்று யாராவது அலறுவார்கள். கூட்டுப்புழுவாக இருந்தபோது சேர்ந்த கழிவு அது.

இறக்கை காய இரண்டு மூன்று மணி நேரம் கொடுத்துவிட்டு, அன்றே வெயில் இருக்கும்போது பறக்கவிடுங்கள். மழை என்றால் மறுநாள் வரை வைத்திருக்கலாம். இட்லிப்பூவோ உன்னிச்செடியோ பூத்திருக்கும் இடம் நல்லது. கூண்டைத் திறந்து வைத்து ஒதுங்கி நில்லுங்கள். இறக்கையைப் பிடித்துத் தூக்கினால் செதில்கள் உதிரும். ஆண்டுவிழாவில் மேடையிலிருந்து பறக்கவிடலாம் என்று நாள் கடத்துவது கொடுமை.

பூச்சிக்குப் பதில் ஈ வந்தால்

எல்லாமே வண்ணத்துப்பூச்சி ஆகிவிடாது. கூட்டுப்புழுவிலிருந்து வெள்ளை நூல் போல் ஒன்று தொங்கி, கீழே பழுப்பு நிற நெல்மணி போன்ற உருண்டை கிடந்தால் அது ஒட்டுண்ணி ஈயின் கூட்டுப்புழு. புழுவை ஒட்டிச் சிறு வெள்ளைக் கூடுகள் கொத்தாக இருந்தால் அது குளவியின் வேலை. தூக்கி எறியாதீர்கள். மூடிய டப்பாவில் வைத்து என்ன வருகிறது என்று பாருங்கள். பிள்ளைகள் வருத்தப்படுவார்கள், சிலர் அழவும் செய்வார்கள். அப்போது எலுமிச்சை விவசாயியின் பக்கத்தையும் சொல்லுங்கள். புளியங்குடிப் பக்கம் எலுமிச்சைக் கன்று வளர்ப்பவருக்கு இந்த அழகியின் புழு தளிரை மொட்டையடிக்கும் எதிரி, அந்த ஈயும் குளவியும் கூலி கேட்காத வேலையாட்கள். என் கணக்கில் இது தோல்வி இல்லை. பாடநூலின் நான்கு அம்புக்குறிப் படத்தில் இல்லாத பாடம்.

புழு கறுத்து, நைந்து, தலைகீழாகத் தொங்கினால் மட்டும் உடனே அப்புறப்படுத்துங்கள். அது தொற்றுநோயாக இருக்கலாம். அந்த டப்பாவில் இருந்த இலை, தாள் எல்லாவற்றையும் புதைத்துவிட்டு, பிளீச்சிங் பவுடர் கரைத்த நீரில் டப்பாவைக் கழுவி வெயிலில் காயவையுங்கள். மற்ற புழுக்களைத் தனித்தனி டப்பாவில் பிரித்து வையுங்கள்.

விடுமுறை தொடங்கும்போது இன்னும் வெளிவராத கூட்டுப்புழு ஏதாவது இருந்தால், குச்சியோடு அதைக் கொண்டுபோய்ச் செடியின் உட்கிளையில், வெயிலும் மழையும் நேராகப் படாத இடத்தில் கட்டிவிட்டுப் போகலாம். மொட்டையாகிப்போன கறிவேப்பிலைச் செடியைப் பாதி உயரத்துக்கு வெட்டி, கொஞ்சம் தொழுவுரம் போட்டுத் தண்ணீர் ஊற்ற ஏற்பாடு செய்துவிடுங்கள், அடுத்த தளிருக்குப் பூச்சி தானாகவே வரும்.